பிலோமினாவின் துடக்கு

உம்முடைய நினைவுமலர் என் மேசையில் கிடக்கிறது. நேற்று மாலை உம்முடைய தங்கை ஆள்விட்டு அனுப்பியிருந்தா. வழுவழுப்பான தாள். புது மையும் பசையும் கலந்த நெடி. இரண்டு யன்னலையும் திறந்துவிட்டேன், போகிறதாக இல்லை. அட்டையில் நீர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருக்கிறீர். தலை மட்டுந்தான் உம்முடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஓர் இளந்தாரி. பின்னால் பனிமலை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். சண்டிலிப்பாயில் வெங்காயத் தறைக்கு நடுவே கிழிந்த பெனியனோடு நின்று வாய்க்காலில் தண்ணீர் மாறிய மனிதரைப் பனிமலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பின்னட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தேன். பிழையாகப் பார்க்கவில்லை. உம்முடைய மகன் கனடாவில் வீடுகள் விற்றுக் கொடுக்கிறான் அல்லவா, அந்தத் தொழிலின் விளம்பரம். அவனுடைய சிரித்த முகம், தொலைபேசி இலக்கம், எல்லாம் வர்ணத்தில். ‘சீ’ என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விடயம். அதற்குத்தான் வருகிறேன்.

இன்றைக்கு நீர் போய் முப்பத்தோராவது நாள். நாட்காட்டியில் பென்சிலால் ஒவ்வொரு நாளாக வெட்டி வந்திருக்கிறேன், ஆகவே எண்ணிக்கை பிழைக்காது. ஆனால் இன்று கீரிமலைக் கடற்கரையில் நடக்கவேண்டிய உம்முடைய அந்தியேட்டிக் கிரியை பதினாறாம் நாளே முடிந்துவிட்டது. மகனுக்கு லீவு இல்லையாம். ஐயரைக் கேட்டார்களாம், அவரும் செய்யலாம் என்றாராம். செத்த வீட்டாரைப் பிடிக்கிற துடக்கு எங்கள் பக்கத்தில் முப்பத்தொரு நாள் என்றுதான் நான் அறிந்திருந்தேன். அந்தத் தீட்டுக்கூட விமானச்சீட்டைப் பார்த்துச் சுருங்கும் என்பதை இந்த வயதில் அறிந்துகொண்டேன். நான் அந்தியேட்டிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இருக்கவில்லை.

இன்று காலை நான் கொழும்புத்துறைக்குப் போகவேண்டும். உம்முடைய வீட்டில் இருந்த பிலோமினா இப்போது அங்கேதான். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பிழையான பதில் சொன்னேன். மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது. இன்று போகாவிட்டால் பிறகு அதைத் திருத்துவதில் பொருளில்லை. புறப்படுமுன் உமக்கு எழுதிவைத்தால் பாதி வழியில் திரும்பி வரமாட்டேன் என்று ஒரு எண்ணம். என்னை உமக்குத் தெரியும்.

கந்தோரில் நாம் இருபத்தாறு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். சக ஊழியர் வீட்டில் யாராவது செத்தால் கந்தோர் சார்பில் போகிறவர்கள் நாம் இருவருந்தான். நீர் துக்கம் விசாரிப்பீர். நான் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எந்த வீட்டில் செருப்பை எங்கே கழற்றுவது, எங்கே தேத்தண்ணீர் குடிக்கலாம், எங்கே குடிக்காமல் வரவேண்டும் என்று ஒரு சிறு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். நீர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்.

சோனகத் தெருவில் எங்கள் முஸ்லிம் தட்டெழுத்தாளரின் தகப்பனார் காலமானபோது, செய்தி கேட்டு நாம் போய்ச் சேருமுன்பே சந்தாக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். படம் இல்லை, பறை இல்லை, பேச்சு இல்லை. தெருவில் போனவர்கள் வந்து தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நீரும் போய்த் தோள் கொடுத்தீர். திரும்பி வரும்போது சொன்னீர்: "ஆரின்ரை மோன் நீர் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லைப் பாத்தீரோ?" தெற்கே எங்கள் பழைய சிங்கள மேலதிகாரியின் மரணவீட்டில், பிக்குகள் ஓத ஓத, குடும்பத்தார் எல்லோரும் ஒரே கூசாவில் கைவைத்துக் கோப்பைக்குள் தண்ணீர் வார்த்தார்கள். கோப்பை நிரம்பி வழிந்தது. அவருடைய சாரதி தள்ளி நின்றவன். மேலதிகாரியின் மனைவி அவனையும் கூப்பிட்டுக் கூசாவில் கைவைக்கச் சொன்னா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சனத்தைவிட அவர்கள் எவ்வளவோ மேல் என்று புகையிரதத்தில் வரும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லா இடத்திலையும் ஆரையோ ஒதுக்கிறாங்கள் ஐசே. எங்களுக்கு விளங்காத பாசையிலை ஒதுக்கிறபடியால் எங்களுக்குத் தெரியேல்லை. செத்தவனுக்கெண்டு ஒவ்வொரு சனமும் செய்யிறது ஒண்டுதான். ஆர் அழலாம், ஆர் அழக்கூடாது எண்டு வரிசை போடுறது."

அந்த வரிசையில் உம்முடைய சொந்த வீட்டில் யார் நிற்கப்போகிறார் என்று அன்று உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உம்முடைய மனைவி போய் நான்கு வருடம் கழித்து நீர் கிணற்றடியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டீர். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து இருந்தார்கள். சமைத்துப் போட இரண்டு மாதத்துக்கென்று பிலோமினா வந்தார். கொழும்புத்துறைக் கத்தோலிக்கக் குடும்பம். புருசனைக் கடலில் பறிகொடுத்தவர். இரண்டு மாதம் ஒன்பது வருடமாயிற்று. ஊர் என்னென்னவோ கதைத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அவர் அடுக்களையில் இருந்து உம்மை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டதையும், நீர் வெகு சாதாரணமாக "என்னப்பா?" என்றதையும் கேட்டேன். சமைக்க வந்த பெண் அப்படிக் கூப்பிடமாட்டாள். சம்பளம் கொடுக்கிறவர் அப்படிப் பதில் சொல்லமாட்டார். எனக்கு அது போதும்.

உமக்கு நினைவிருக்கும், மாமரத்தடியில் மூன்று பேரும் இருந்து தேத்தண்ணீர் குடித்த அந்தப் பின்னேரம்.

"ஐசே, செத்தா என்னை எரிச்சுப்போடுவாங்கள். பிறகு தான் எங்கை வந்து மெழுகுதிரி கொளுத்திறது எண்டு இவ கேக்கிறா. நீர் படிச்ச மனிசன், ஒரு வழி சொல்லும்."

"சிரிக்காதேங்கோ," என்றார் பிலோமினா. "எங்களிலை புதைக்கிற சேமக்காலை எண்டு ஒண்டு இருக்கு. கார்த்திகையிலை போய்ப் புல்லுச் செருக்கி, பூ வைச்சு, மனம் ஆற நாலு ஏச்சும் ஏசிப்போட்டு வரலாம். உங்களைக் கீரிமலைக் கடலிலை கரைச்சுவிட்டா நான் ஆரை ஏசிறது?"

"கடலை ஏசன். உன்ரை மனுசனும் அதுக்கைதானே."

நான் பயந்துபோனேன். அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு சிரித்துவிட்டார். "அப்ப ஒரே ஏச்சு, ரண்டு பேருக்கும்."

நீர் போன அன்று காலை உம்மைத் துடைத்து, வாந்தி அள்ளி, வேட்டி மாற்றிக் கட்டியவர் அவர். எனக்கு அறிவித்ததும் அவர்தான். பத்து மணிக்குள் உம்முடைய தங்கை வந்து அவரிடமிருந்து வீட்டுத் திறப்புக் கொத்தை வாங்கிக்கொண்டா. பதினொரு மணிக்கு மகன் கனடாவில் இருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அங்கிள், மரண அறிவித்தலை நீங்கள்தான் எழுதவேணும். உங்கடை தமிழ்தான் அப்பாவுக்குப் பிடிக்கும்."

ஊரில் அரைவாசி அறிவித்தல்களை எழுதியவன் நான். அதன் ஒழுங்கு எனக்குத் தண்ணிபட்ட பாடு. தாய் தந்தை, மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரர், சகோதரர், மைத்துனர், சகலன், சம்பந்தி, பெறாமக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் இருக்கிறது. எழுதி முடித்தபோது நாற்பத்திரண்டு பேர். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் உம்மைக் கண்ணாலும் கண்டதில்லை. பிலோமினாவுக்கு மட்டும் அந்த ஒழுங்கில் சொல் இல்லை. வெகுநேரம் யோசித்து, மனைவியின் பெயருக்குக் கீழே, பென்சிலால், "பிலோமினாவின் வாழ்க்கைத் துணைவரும்" என்று எழுதினேன். மகனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆர் அங்கிள் உவ? அந்தச் சமைக்கிற அன்ரியோ?"

"ஓம் தம்பி. ஒன்பது வருசமா..."

"அங்கிள், இது இஞ்சை ரேடியோவிலையும் போகும். தங்கச்சியின்ரை மாமியாக்கள் கேப்பினம். செத்த மனிசனை அவமானப்படுத்தாதேங்கோ."

"சரி தம்பி," என்றேன்.

அழிறப்பரால் அழித்துத் தூளையும் ஊதிவிட்டேன். தாளில் தடமே தெரியவில்லை. கந்தோரில் என்னுடைய அழிப்பை நீர் மெச்சுவீர்.

பிள்ளைகள் வந்து சேரும்வரை உம்மை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கவென்று குனிந்தவன் பின்வாங்கிவிட்டேன். கன்னத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தார்கள். உதட்டுக்கும். வாழ்நாளில் பவுடர் தொட்டறியாத மனிதர் நாடகக்காரரைப்போலக் கிடந்தீர். உள்ளே ஏற்றிய மருந்தின் நாற்றம் ஒரு பக்கம், அதை மறைக்க அடித்த வாசனைத்தைலத்தின் நாற்றம் ஒரு பக்கம். மூன்று நாள் எனக்குச் சாப்பாட்டில் அந்த மணம் வந்தது. ஒழுங்கைத் தெரு முழுக்கக் கண்ணீர் சொட்டும் கண் கீறிய பதாகைகள். மின்கம்பம் ஒன்றும் மிச்சமில்லை. உம்மை யாரென்றே தெரியாத சங்கங்கள் உமக்காகக் கதறியிருந்தன. நாலு மூலையிலும் கனடாவுக்கு நேரடியாகக் காட்டும் கமராக்கள். தலைக்குமேல் வண்டுபோல ஒன்று இரைந்துகொண்டு பறந்தது. அதன் இரைச்சலில் தேவாரம் கேட்கவில்லை. உம்முடைய மகள் வந்து இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதபோது கமராக்காரன், "அக்கா, ஒருக்கால் இந்தப் பக்கம் திரும்பி" என்றான். அவளும் திரும்பினாள்.

வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பிலோமினா அதுவரை பின்பக்கக் குழாயடியில் தேத்தண்ணீர்க் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தவர். கையைத் துடைத்துவிட்டு, ஒரு பிடி அரிசியோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றார். அவருடைய முறை வந்தபோது உம்முடைய தங்கை கையைக் குறுக்கே நீட்டினா.

"நீர் எங்கை வாறீர்? இது உரித்துக்காரர் போடுறது."

"ஒருக்கால் போட்டிட்டுப் போறன் அக்கா."

"அக்காவோ? ஆருக்கு ஆர் அக்கா?"

இடையில் கமராக்காரன்: "அம்மா, கொஞ்சம் விலகுங்கோ. கனடாவுக்கு மறைக்குது."

அவர் விலகினார். கனடாவுக்கு மறைக்கக்கூடாது அல்லவா. நான் உம்முடைய தலைமாட்டில், இரண்டு முழத் தூரத்தில், இரங்கல் உரை ஆற்றுபவர்களின் பட்டியலோடு நின்றேன். ஒரு சொல் போதும். "அவ போடட்டும்" என்றால் போதும். வயதுக்கு மரியாதை வைத்து விட்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? நேரத்தைப் பார்த்தேன். உண்மையில் நேரம் என்ன என்றுகூட மனதில் பதியவில்லை. பாடையோடு போன பறை தெரு முடக்கால் திரும்பும்வரை பிலோமினா மூடிய கையைத் திறக்கவில்லை.

மறுநாள் காடாத்து. ஆண்கள் சுடலைக்குப் போய்ச் சாம்பல் அள்ளி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தோம். பிலோமினா ஒரு பயணப் பையோடு கிணற்றடிக்கு வந்தார். போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேட்காமலே விளங்கியது.

"ஐயா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். நீங்கள் உந்தச் சடங்குகள் எல்லாம் தெரிஞ்சனியள்." குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் துடக்கு இருக்கோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவரின்ரை அண்ணை செத்தபோது அவருக்குத் துடக்கெண்டு முப்பத்தொரு நாள் வீட்டிலை மீன் மச்சம் காய்ச்சேல்லை. கோயில் பக்கம் அவர் போகேல்லை. இப்ப அவருக்கு நான் அப்பிடி இருக்கலாமோ? எனக்கு அது வருமோ?"

எழுபத்தெட்டு வயது வரைக்கும் துடக்கை யாரும் விரும்பிக் கேட்டு நான் கண்டதில்லை. நாள் குறையாதா, விதிவிலக்கு இல்லையா என்று கேட்பவர்களைத்தான் கண்டிருக்கிறேன். இவர் கேட்டது தீட்டை அல்ல. நான் அவருக்கு யார், அதைச் சொல் என்று கேட்டார். உரித்து இருந்தால்தான் துடக்கு. அறிவித்தலில் இல்லாத சொல், வாய்க்கரிசியில் கிடைக்காத இடம் எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியில் வைத்துக் கேட்டார். என்னுடைய வாயில் "ஓம்" வந்துவிட்டது. அந்தக் கணத்தில் உம்முடைய தங்கை பின்கதவடியில் வந்து நின்றா.

"அது... இரத்த உரித்துக்காரருக்குத்தான் பிள்ளை. உமக்கு இல்லை."

கந்தோர்க் கோவையில் இருக்கும் விதியை வாசிக்கிற குரலில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். என்னுடைய குரலை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருக்கிறது.

எட்டாம் நாள் பின்னேரம் மருந்து வாங்க யாழ்ப்பாண நகரத்துக்குப் போனேன். சாப்பாட்டுக் கடை ஒன்றில் உம்முடைய மகன் சினேகிதரோடு இருந்து ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டுவிட்டுச் சிரித்தான். "அங்கிள், மாமியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ." நான் மறுபடியும் "சரி தம்பி" என்றேன். சாப்பிட்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது பொருளில்லாத ஒன்றாக இருக்கலாம். என்னால் தாங்க முடியாதது இதுதான்: துடக்கு வேண்டாதவனுக்கு அதைக் கொடுத்து, கேட்டு நின்றவருக்கு இல்லை என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

*

இதுவரை காலையில் எழுதியது. இப்போது பின்னேரம் நாலரை மணி. போய் வந்துவிட்டேன்.

இரண்டு பஸ். நகரத்தில் மாறும்போது திரும்பிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தேன், மறைக்கவில்லை. பிலோமினாவின் தமையனார் வீட்டு வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, சண்டிலிப்பாய் ஐயாவோ? வாங்கோ. உங்கடை ஊர் எங்கடை பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்துவிட்டது? வந்த நாள் தொட்டு எங்களுக்கு இறால் குழம்பு வைச்சுத் தந்திட்டுத் தான் பருப்போடை சாப்பிடுறா. கடற்கரையிலை ஒரு சைவக்காரி! சனம் பகிடி பண்ணுது."

பிலோமினா உள்ளேயிருந்து வந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். காலையில் உமக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தாராம். முப்பத்தோராம் நாள் பூசை அவர்களிலும் உண்டாம். உம்முடைய பெயரைச் சுவாமியார் வாசித்தாராம். "சைவப் பேர், வாசிக்கேக்கை அவருக்கு நாக்குத் தடக்கினது," என்று சிரித்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். பஸ்ஸில் பாடமாக்கி வந்ததை நின்றபடியே ஒப்புவித்தேன்.

"பிள்ளை, அண்டைக்குக் கிணத்தடியிலை நீர் கேட்டதுக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உமக்குத் துடக்கு இருந்தது. முப்பத்தொரு நாளும். இண்டையோடை கழியுது."

அவர் என்னையே பார்த்தார்.

"இது எங்கை கிடக்கு? புத்தகத்திலையோ?"

"இல்லை. நான்தான் சொல்லுறன்."

"நீங்கள் சொன்னாக் காணுமோ?"

"தெரியேல்லைப் பிள்ளை."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் இல்லையெண்டு சொன்னனியள். நானும் சரி, இல்லையாக்கும் எண்டு நினைச்சன். வீட்டை வந்து மீனைச் சோத்திலை வைச்சா இறங்கேல்லை. அடுத்த நாளும் இறங்கேல்லை. அதுக்குப் பிறகு ஆரையும் கேக்கத் தேவையில்லாமல் போச்சு."

தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன். புறப்படும்போது படலைவரை வந்தார். கோபமாகச் சொல்லவில்லை, நான் மறந்துவிட்டுப்போகும் குடையை எடுத்துத் தருகிறவர்போலச் சொன்னார்:

"நீங்கள் நல்ல மனிசன் ஐயா. ஆனா ஆக்களுக்கு முன்னாலை இல்லை."

தமையனாரின் கையில் வலை ஊசி நின்றுவிட்டது. நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியெல்லாம் அச்சுப்படி திருத்துவதுபோல அந்த இரண்டு வசனங்களையும் சொல்லுக்குச் சொல் பார்த்துக்கொண்டு வந்தேன். எடுக்கவும் ஒன்றுமில்லை, சேர்க்கவும் ஒன்றுமில்லை. நீர் இருந்திருந்தால் எனக்காக மறுத்துப் பேசியிருப்பீரோ என்று யோசித்தேன். மாட்டீர். "அது சரிதானே ஐசே" என்றிருப்பீர். நீர் போனபின் எனக்கு மிஞ்சியது அந்த வசனந்தான். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அது என்னோடு வரும்.

செருப்பைக் கழற்றுமுன் தொலைபேசி அடித்தது. உம்முடைய தங்கை.

"அண்ணை, உங்களைக் கொழும்புத்துறை பஸ்ஸிலை கண்டதெண்டு சொல்லுகினம். அங்கை என்ன அலுவல்?"

"துடக்குக் கழிக்கிற அலுவல்."

"ஆரின்ரை துடக்கு?"

"பிலோமினாவின்ரை."

யாருடையதென்று மறுபடியும் கேட்டா. நான் சொன்னதை மாற்றவில்லை. நீர் மெச்சக்கூடும், பொறும், அவசரப்படாதேயும். அது தொலைபேசி. அறையில் நான் மட்டுந்தான் இருந்தேன். ஆட்களுக்கு முன்னால் சொன்னதாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

நாளைக் காலை நேரில் வருகிறாவாம். சொந்தக்காரர் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு.